காரைக் கூட்டுரோட்டிலேயே விடலாம்

வேப்பூர் கூட்டுரோட்டில் காலையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். வடக்கே சென்னை, தெற்கே திருச்சி, கிழக்கே விருத்தாசலம், மேற்கே சேலம் என்று நாலு திசைக்கும் பேருந்து போகிறது. அந்த நாலு திசைக்கும் ஓட்டுபவர் மட்டுமே உட்கார்ந்திருக்கும் கார்களும் போகின்றன. "காரை இங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாமே" என்றால் வரும் பதில்கள் பெரும்பாலும் நம்பிக்கைகள்தான்.

நம்பிக்கை: வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறுவது வெளிநாட்டுப் பழக்கம்.

உண்மை: இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 1973 முதல் இது நடக்கிறது. ஆனால் நம் ரயிலடி சைக்கிள் ஸ்டாண்ட் வேறு என்னவாம்? டோக்கன் வாங்கி, வண்டியைப் போட்டுவிட்டு, ரயிலேறி வேலைக்குப் போய் வந்தவர்கள்தானே நம் பெரியவர்கள். கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு உள்ளே போகிறவர்களும் நாம்தான். ஒரு நாள் முடிந்தது மற்ற நாளும் முடியும்.

நம்பிக்கை: பெட்ரோல் காசை மட்டும் பார்த்தால் காரும் பஸ்ஸும் ஒன்றுதான்.

உண்மை: டயர் தேய்மானம், சர்வீஸ், ஆண்டுக்கு ஆண்டு குறையும் வண்டியின் விலை, இவை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. சென்னைக்குப் போனால் செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று வழியெங்கும் சுங்கச்சாவடி. விருத்தாசலம் சந்திப்பில் வைகை ரயிலோ பல்லவன் ரயிலோ ஏறினால் இவற்றில் ஒன்றும் இல்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே கிடையாது.

நம்பிக்கை: நகரத்தின் எல்லையில் பெரிய கார் நிறுத்தம் கட்டினால் நெரிசல் தானாகக் குறையும்.

உண்மை: பொதுமக்களைவிடத் திட்டம் போடுகிறவர்களிடம்தான் இந்த நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1975 ஜூனில் சிங்கப்பூர், நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. கூடவே மையத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான கார்கள் நிற்க இடம் ஒதுக்கி, அங்கிருந்து தனிப் பேருந்துகளும் விட்டது. கட்டணம் பலித்தது, உள்ளே வரும் கார்கள் வெகுவாகக் குறைந்தன. நிறுத்தங்களோ காலியாகக் கிடந்தன. வீட்டிலிருந்து பாதிக்கு மேல் ஓட்டி வந்தவர் எதற்காக இறங்கி மாற வேண்டும்? மாறத் துணிந்தவர்கள் வீட்டருகிலேயே வழக்கமான பஸ் ஏறினார்கள், அல்லது நாலு பேராய்ச் சேர்ந்து ஒரே காரில் போனார்கள். பிரிட்டனில் ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: முன்பு ஊரிலிருந்தே பஸ்ஸில் வந்த சிலர், எல்லையில் நிறுத்தம் வந்ததும் அந்த இடம் வரை காரில் வரத் தொடங்கிவிட்டார்கள். மொத்தக் கார் ஓட்டம் கூடியது!

ஆகவே விருத்தாசலம் பாலக்கரைக்கு முன்னால் இடம் தேடிப் பயனில்லை. இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவர் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு இறங்க மாட்டார். இடம் வேப்பூரிலேயே வேண்டும். பேருந்துகள் ஏற்கெனவே வந்து நிற்கும் கூட்டுரோட்டுக்குப் புதிதாக ஒரு பஸ்கூட விட வேண்டியதில்லை.

நம்பிக்கை: இரவு திரும்பி வரும்போது கார் பத்திரமாக இருக்காது.

உண்மை: இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. இருட்டில், மரத்தடியில், கேட்பாரற்று விட்டுப் போ என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது. விளக்கு, காவலுக்கு ஓர் ஆள், எண் போட்ட ரசீது, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, நான்கும் வேண்டும். வாரச்சந்தையை ஏலம் விட்டு நடத்தத் தெரிந்த உள்ளாட்சிகளுக்கு இது முடியாத காரியமல்ல. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு வரும் வண்டிகளுக்கு அந்த இடம் போய்விடாதபடி மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் ஒரு பலகையும் வைக்கட்டும். திரும்பும் வழி உறுதியாகத் தெரியாதவர் காலையில் காரைத்தான் எடுப்பார்.

நம்பிக்கை: கூட்டுரோடு வரைக்குமாவது கார் வேண்டாமா?

உண்மை: வயதானவர்களுக்கும் தொலைவிலுள்ள கிராமத்தாருக்கும் வேண்டும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எஞ்சின் சூடேறாத முதல் சில கிலோமீட்டரில்தான் பெட்ரோல் கார் மிக அதிகமாகப் புகை கக்குகிறது. பதினோராம் வகுப்பில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறதல்லவா, அதற்குக் காற்றடித்தால் போதும்.