விளக்கம் கேட்டாலே பதவி உயர்வு போய்விடுமா?

கேள்வி: மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். மேலதிகாரியோடு வாக்குவாதம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. அடுத்த பட்டியலில் பதவி உயர்வு வரவேண்டும். எல்லாம் போச்சா?
– வாசகர், திருச்சி

பதில்: போகவில்லை. விளக்கம் கேட்பது வேறு, குற்றக் குறிப்பாணை வேறு. குறிப்பாணை பிறப்பிக்கப்பட்ட பிறகே துறை நடவடிக்கை தொடங்கியதாகும் என்று 1991-இல் ஜானகிராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூர்வாங்க விசாரணையை மட்டும் காட்டி உங்கள் பதவி உயர்வை நிறுத்திவைக்க முடியாது.

குறிப்பாணை வந்துவிட்டால் கதை மாறும். தேர்வுக் குழு உங்களைப் பரிசீலிக்கும், ஆனால் முடிவை உறையிலிட்டு அரக்கு வைத்துவிடும். முழுமையாக விடுவிக்கப்பட்டால் உறையைப் பிரிப்பார்கள். சீனியாரிட்டியும் பழைய இடத்திலேயே கிடைக்கும். வெறும் 'கண்டனம்' என்று முடிந்தாலும் அந்த உறை வீண்தான், அடுத்த குழுவுக்குக் காத்திருக்க வேண்டும். (சின்னத் தண்டனைதானே என்று ஒப்புக்கொள்ளச் சொல்லும் நண்பர்கள் இதைச் சொல்வதில்லை.)

குறிப்பாணை வந்தால் முதலில் விதி எண்ணைப் பாருங்கள். 1965-ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி ஒழுங்கு விதிகளில் (CCS-CCA) 16 என்றால் சிறு தண்டனை, 14 என்றால் பெருந்தண்டனைக்கான முழு விசாரணை. இப்போதைக்கு, கோபம் தெரியாத ஒரு பக்க விளக்கம் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.