எங்கிருந்து வந்தது? பேய்க் கடையின் எழுதுபொருள்கள்

கேள்வி: இருண்ட மாயநகரக் கதைகளிலும் கணினி விளையாட்டுகளிலும் ஒரு கடை அடிக்கடி வருகிறது. கொம்பு முளைத்த பேய்க் கடைக்காரன், தோல் காகிதம், எலும்பு மை, ரத்தத்தில் எழுதும் பேனா என்று வரிசையாக அடுக்கி விற்கிறான். இந்தச் சரக்கையெல்லாம் முதலில் கற்பனை செய்தவர் யார்? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கற்பனை என்று பார்த்தால் கடைக்காரன் மட்டும்தான். சரக்கில் பெரும்பகுதி ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் அன்றாடம் புழங்கியது. துறவிகளும் வழக்கறிஞர்களும் கணக்கர்களும் அதைத்தான் வாங்கினார்கள்.

முதலில் தோலைப் பார்ப்போம். கன்று, செம்மறி, வெள்ளாடு இவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் பல நாள் ஊறவைத்து மயிரைச் சுரண்டுவார்கள். பிறகு மரச்சட்டத்தில் கயிறு கட்டி விறைப்பாக இழுத்து, பிறை வடிவக் கத்தியால் மழித்து மழித்து மெலிதாக்குவார்கள். செருப்புத் தோலைப் போல இதைப் பதனிடுவதில்லை. இழுத்த நிலையிலேயே காயவிடுவதுதான் சூட்சுமம். பழைய ஏடு ஒன்றைக் கண்ணருகே கொண்டுபோனால், மயிர் இருந்த பக்கம் மங்கிய மஞ்சளாக, மயிர்க்கால் புள்ளிகளோடு தெரியும். சதைப் பக்கம் வெளுப்பாக இருக்கும். ஆடு உயிரோடிருந்தபோது பூச்சி கடித்த இடம், தோலை இழுக்கும்போது நீள்வட்ட ஓட்டையாக விரிந்துவிடும். எழுதுபவர் அந்த ஓட்டையைத் தாண்டி மறுபக்கத்தில் சொல்லைத் தொடர்ந்திருப்பார். சில ஏடுகளில் ஓட்டையின் ஓரத்தை வண்ணப் பட்டுநூலால் அழகாகத் தைத்திருக்கிறார்கள். செத்த விலங்கின் உடம்பில் எழுதுகிறோம் என்ற கூச்சம் அவர்களிடம் இல்லை. கைக்கு வந்த பொருளை மதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரிட்டனின் சட்டங்கள் 2017 வரை கன்றுத்தோலில்தான் அச்சாகின.

காகிதம் வந்த பிறகும் உயிரினங்கள் விலகவில்லை. இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊரில் 13-ஆம் நூற்றாண்டிலேயே, மை கசியாமலிருக்க, தோல் துண்டுகளைக் கொதிக்கவைத்து எடுத்த பசையில் காகிதத்தை முக்கினார்கள். பேனா வாத்தின் இறகு. கறுப்பு நிறம், காற்றில்லாமல் கரியாக்கிய எலும்பு; ரெம்பிராண்ட் ஓவியங்களில் அந்த எலும்புக் கறுப்பு இருக்கிறது. கடிதத்தை மூடிய முத்திரை, நம் நாட்டிலிருந்து கப்பலேறிய அரக்கு. அதுவும் ஒரு பூச்சியின் சுரப்புதான்.

ரத்தப் பேனா மட்டும் புதுச் சரக்கு. 2003-இல் வெளியான ஐந்தாவது ஹாரி பாட்டர் நாவலில், எழுதுபவனின் கையைக் கீறி அவன் ரத்தத்தாலேயே எழுதும் இறகு வருகிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் ‘டெத் நோட்’ படக்கதை தொடங்கியது. மரண தேவன் ஒருவன் பூமியில் போட்ட நோட்டுப் புத்தகம், அதில் பெயர் எழுதினால் சாவு.

கேள்வி: அப்படியானால் பேய் எப்படி இந்தக் கடைக்குள் நுழைந்தது? (காரைக்குடி)

பதில்: பத்திரம் எழுதத்தான். சிலிசியா நாட்டு அதானா ஊரின் தியோஃபிலஸ் என்ற மதகுரு, பதவிக்காகச் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டான் என்பது 6-ஆம் நூற்றாண்டைக் களமாகக் கொண்ட கதை. அவன் மனம் திருந்தியதும் மரியாள் தலையிட்டு அந்தப் பத்திரத்தை மீட்டுத் தருகிறாள். கவனியுங்கள், அவனுடைய ஆன்மாவை மீட்டாலும் போதவில்லை. எழுதிய தாளும் திரும்ப வேண்டும். கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என்று எழுத்தறியாத பாமரர்கள் நடுங்கிய காலத்தின் கதை இது. கடன் பத்திரத்தில் பெருவிரல் வைத்த எந்தக் குடியானவனுக்கும் இது புரியும்.

13-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் இதை நாடகமாக்கிய ருட்பெஃப், பத்திரத்தை ரத்தத்தால் எழுதவைத்தார். சாத்தானுக்கு ஆன்மாவை எழுதிக்கொடுத்த ஃபாஸ்ட் என்பவனைப் பற்றி 1587-இல் ஃபிராங்க்பர்ட்டில் அச்சான கதைப் புத்தகத்திலும் ரத்தம்தான் மை. அதே கதையை ஆங்கிலத்தில் எழுதிய மார்லோவின் நாடகத்தில், ஃபாஸ்டஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே ரத்தம் உறைந்துவிடுகிறது. பேய் ஓடிப்போய் நெருப்புக் கொண்டுவந்து அதை இளக்குகிறது. வாடிக்கையாளருக்கு மைத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்ளும் கடைக்காரன் அந்தக் காட்சியில்தான் பிறந்தான் என்பது என் கருத்து.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பிரான்ஸின் லூதுன் நகரில் ஊர்பேன் கிராந்தியே என்ற பாதிரியார் மீது சூனிய வழக்கு நடந்தபோது, பேய்களோடு அவர் செய்த ஒப்பந்தம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலமிருந்து இடமாக எழுதிய இலத்தீன், கீழே கோணல்மாணலாகப் பல பேய்களின் கையெழுத்து. 1634-இல் அவரை உயிரோடு எரித்தார்கள். ஒரு போலிப் பத்திரம் ஒரு மனிதனின் உயிரைக் குடிக்கத் துணைபோயிற்று. அந்தத் தாள் இன்றும் பிரான்ஸின் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

பேய் துணைக்கு வந்ததாகச் சொல்லும் புத்தகமும் உண்டு. ஸ்டாக்ஹோமில் உள்ள சுவீடன் தேசிய நூலகத்தின் ‘கோடெக்ஸ் கிகாஸ்’, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொஹீமியாவில் எழுதியது. உயரம் 92 சென்டிமீட்டர், எடை 75 கிலோ. உள்ளே ஒரு முழுப்பக்கத்தில் சாத்தான், இரண்டு கைகளையும் தூக்கிக் குந்தியிருக்கிறான். உயிரோடு சுவருக்குள் அடைக்கப்பட இருந்த துறவி ஒருவர், ஒரே இரவில் இதை எழுதி முடிக்கச் சாத்தானைக் கூப்பிட்டார் என்பது கதை. எழுத்து முதலிலிருந்து கடைசிவரை ஒரே கையின் எழுத்து. அப்படியொரு மனிதர் பல்லாண்டு உட்கார்ந்து உழைத்திருக்கிறார். அவருடைய உழைப்பின் பெருமையைச் சாத்தானுக்குக் கொடுத்துவிட்டார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: மனிதத் தோலில் நோட்டுப் புத்தகம் செய்தார்கள் என்பது உண்மையா? (நாகர்கோவில்)

பதில்: உண்மை. எடின்பர்க் நகரில் வில்லியம் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். 1829 ஜனவரி 28-இல் பர்க்கைத் தூக்கிலிட்டு, அவன் உடலையும் அறுத்தார்கள். அவன் தோலில் செய்த சட்டைப்பை நோட்டு ஒன்று அங்குள்ள சர்ஜன்ஸ் ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கச் சாதாரணப் பழுப்புத் தோல் உறைதான். அட்டையில் பொன்னெழுத்தில் பொறித்ததைப் படித்தால்தான் கை பின்வாங்கும்.

குற்றவாளி என்பதால் அதைச் சரி என்பாரும் உண்டு. நான் சொல்ல மாட்டேன். ஹார்வர்ட் நூலகத்தில் இருந்த ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தின் கதை இன்னும் கொடுமை. ஆன்மாவின் கதியைப் பற்றிய அந்த நூலுக்கு லுடோவிக் பூலாங் என்ற மருத்துவர், மருத்துவமனையில் இறந்த ஒரு பெண்ணின் தோலை அவள் சம்மதமின்றி எடுத்து அட்டை போட்டார். 2014-இல் சோதனை அது மனிதத் தோல் என்று உறுதிசெய்தது. 2024 மார்ச்சில் ஹார்வர்ட் அந்தத் தோலைப் புத்தகத்திலிருந்து பிரித்தெடுத்ததாக அறிவித்தது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

கேள்வி: நம் கருமாதிப் பத்திரிகை கறுப்பு மையில் வருவதுபோல, வெளிநாட்டில் துக்கத்துக்குத் தனி எழுதுபொருள் உண்டா? (தஞ்சாவூர்)

பதில்: உண்டு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் துக்க வீட்டார், கறுப்புக் கரை போட்ட தாளிலும் உறையிலும் எழுதி, கறுப்பு அரக்கால் முத்திரை வைத்தார்கள். சாவு நடந்த புதிதில் கரை அகலமாக இருக்கும். மாதங்கள் போகப்போகக் குறுகும். கணவர் ஆல்பர்ட் 1861-இல் இறந்த பிறகு விக்டோரியா ராணி 1901-இல் சாகும்வரை கறுப்புக் கரைத் தாளை விடவில்லை.

கேள்வி: பேய்களுக்கான கடை நிஜத்தில் எங்காவது இருந்ததா? (மதுரையிலிருந்து ஒரு பள்ளி மாணவி)

பதில்: இருந்தது, அம்மா. 2010-இல் லண்டன் ஹாக்ஸ்டன் தெருவில் ‘அரக்கர்களுக்கான பொருள்கள்’ விற்கும் கடையைத் திறந்தார்கள். டின்னில் அடைத்த பயம்கூட அங்கே கிடைத்தது. வாங்கித் திறந்தால் உள்ளே மிட்டாயும் ஒரு சிறுகதையும் இருக்கும். கடையின் பின்புறம் குழந்தைகளுக்குக் கதை எழுதக் கற்றுத்தரும் ‘மினிஸ்ட்ரி ஆஃப் ஸ்டோரீஸ்’ என்ற அமைப்பு. 2002-இல் சான் பிரான்சிஸ்கோவில் கடற்கொள்ளையர் சாமான் கடையோடு தொடங்கிய எழுத்துப் பள்ளிதான் இதற்கு முன்மாதிரி. அந்தக் கட்டடத்தில் ஏதாவது விற்றே ஆக வேண்டும் என்று நகர விதி இருந்ததால், கொள்ளையருக்கு விற்றார்கள்.

கேள்வி: அந்தக் காலத்து மையை வீட்டில் செய்ய முடியுமா? (அதே மாணவி)

பதில்: பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய். நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் மூன்றும் கிடைக்கும். மாசிக்காய் என்பது காயல்ல. ஒரு வகைக் குளவி ஓக் மரத்தில் முட்டையிட, மரம் அதைச் சுற்றிக் கட்டிக்கொண்ட முண்டு. குளவி துளைத்து வெளியேறாத, ஓட்டையில்லாத மாசிக்காயாகப் பொறுக்கு. துவர்ப்பு அதில்தான் அதிகம். மூன்று பங்கு மாசிக்காயை இடித்துத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு பங்கு அன்னபேதியைக் கரைத்துவிடு. பழுப்புச் சாறு கண்ணெதிரே கறுக்கும். பிசினைக் கரைத்துச் சேர்த்தால் மை நிப்பில் நிற்கும். எழுதும்போது வெளிறித்தான் இருக்கும்; காற்றுப் பட்டபின் கறுத்து, தாளோடு ஒன்றிவிடும். சில நூற்றாண்டு போனால் தாளையே அரிக்கவும் செய்யும்; இசையமைப்பாளர் பாஹ் கைப்பட எழுதிய இசைத்தாள்கள் அப்படித்தான் பாழாயின; ஜெர்மனியில் அவற்றைப் பாடுபட்டுச் செப்பனிட்டார்கள். தொட்டெழுதும் நிப்புக்கு மட்டும் இந்த மையைப் பயன்படுத்து. ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். பள்ளிச் சீருடையில் பட்டால் போகாது.