இடக்கை அறியாத சில்லறை



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பஸ் பயணம். எனக்கு முன்னால் இருந்த முதியவரிடம் கட்டணத்துக்குப் பத்து ரூபா குறைந்தது. அவர் மடியை அவிழ்த்துத் தேடினார். நடத்துநர் குரலை உயர்த்தினார். நான் எழுந்து, “அப்புவின் மிச்சக் காசை நான் தருகிறேன்” என்று எல்லோரும் கேட்கச் சொல்லிப் பணத்தை நீட்டினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதியவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிவிட்டார். அவர் போகவேண்டிய ஊரோ இன்னும் நான்கு கட்டை தூரத்தில் இருந்தது.

பத்து ரூபா கொடுத்து ஒரு மனிதரை நான் வெயிலில் நடக்க வைத்தேன். நல்லது செய்ய எழுந்த என் மனம் தவறவில்லை. செய்த முறைதான் தவறியது. முன்பின் அறியாதவருக்குச் சிறு தொகையை எப்படிக் கொடுப்பது என்பதே இவ்வாரச் சிந்தனை.

நேப்பிள்ஸ் நகரின் கோப்பி

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. கோப்பிக் கடைக்கு வரும் ஒருவர், மனம் மகிழ்ந்திருக்கும் நாளில், ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கொடுப்பார். இரண்டாவதன் பெயர் ‘கஃபே சொஸ்பேசோ’. நிறுத்தி வைக்கப்பட்ட கோப்பி என்று பொருள் கொள்ளலாம். பின்னர் கையில் காசில்லாத ஒருவர் வந்து, அப்படி ஏதும் இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால், மற்றவர்களைப் போலவே நின்று, அதே கோப்பையில் குடித்துவிட்டுப் போவார். அந்நகர எழுத்தாளர் லூச்சானோ டி கிரெஷென்சோ 2008ல் வெளியிட்ட தமது நூலொன்றுக்கு இவ்வழக்கத்தின் பெயரையே வைத்தார்.

இதில் கொடுத்தவர் பெற்றவரைக் காண்பதில்லை. பெற்றவர் யார் முகத்தைப் பார்த்தும் கூச வேண்டியதில்லை. இருவருக்கும் நடுவில் நிற்பது கடைக்காரரின் நேர்மை ஒன்றே.

பழைய பாடம்

இது புதிய ஞானமன்று. எருசலேம் ஆலயத்தில் ‘இரகசிய அறை’ ஒன்று இருந்ததாக யூதரின் மிஷ்னா நூல் கூறுகிறது. இறைபயம் உள்ளோர் அதில் மறைவாகப் பணம் வைப்பர். வாழ்ந்து கெட்ட நல்ல குடும்பத்தார் மறைவாகவே உதவி பெறுவர். நான்காம் நூற்றாண்டில் மீரா நகர் ஆயராயிருந்த புனித நிக்கொலாஸ், மூன்று பெண்களின் சீதனத்துக்கான பொன்னை இரவில் சன்னல் வழியாக எறிந்தார் என்பது மரபு. நம் நாட்டிலும் தண்ணீர்ப் பந்தலிலோ வெசாக் காலத் தன்சலிலோ, வருபவரின் பேரையும் ஊரையும் யார் கேட்கிறார்கள்?

எவ்வளவு வேண்டும்?

“கொடுக்க எம்மிடம் என்ன இருக்கிறது?” என்போர் உண்டு. 2008ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 46 பேருக்குக் காலையில் 5 அல்லது 20 டொலர் கொடுத்தார்கள். மாலை 5 மணிக்குள் சிலர் அதைத் தமக்காகவும், சிலர் பிறருக்காகவும் செலவிட வேண்டும். பிறருக்காகச் செலவிட்டவர்களே அன்று கூடிய மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை ஐந்தா இருபதா என்பது வேறுபாடு எதனையும் உண்டாக்கவில்லை. ஏழை விதவையின் இரண்டு செப்புக்காசுகளை ஆண்டவர் போற்றியதை (மாற்கு 12) நாம் அறிவோம்.

நாம் செய்யக்கூடியவை

தெரிந்த தேநீர்க்கடையில் இன்னொரு தேநீருக்கும் பணிசுக்கும் காசு கொடுத்து, யாருக்கு என்பதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். பாடசாலை அருகே பிரதி எடுக்கும் கடையில், பிள்ளைகள் சிலரின் வினாத்தாள்களுக்கு முன்கூட்டியே பணம் கட்டலாம். மருந்துக் கடையில், துண்டை நீட்டிவிட்டு விலை கேட்டுத் தயங்கும் ஒருவருக்காகச் சிறு தொகை விட்டு வரலாம். தெருவோரம் கீரை விற்கும் ஆச்சியிடம் பேரம் பேசாமல் வாங்கலாம்.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள். கொடுப்பதைப் படம் பிடிக்காதீர்கள். காசோடு புத்திமதியைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். சில்லறை கொடுத்ததால் பெரிய கடமை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். வேலையாளின் கூலியைக் குறைத்துவிட்டு வழிப்போக்கனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பது ஈகையாகாது. 12ம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது இரண்டாவது உயர்ந்த படி. ஒருவரைத் தம் காலில் நிற்கச் செய்வதே முதற்படி.

நிறைவாக

அண்மையில் இன்னொரு பஸ். மீன் கூடையோடு ஏறிய ஒரு பெண், பக்கத்தில் ஒரு பெரியவர் சில்லறையை எண்ணித் தடுமாறுவதைக் கண்டார். அவர் கணக்கை முடிக்குமுன்பே நடத்துநரிடம், “தம்பி, ரெண்டு ரிக்கற் தாரும்” என்றார் மெதுவாக. பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “அதுக்கென்ன அப்பு, இன்னொரு நாள் நீங்கள் ஆருக்கும் எடுத்துவிடுங்கோ” என்றார் அந்தப் பெண். பெரியவர் சிரித்தார், கடைசித் தரிப்பிடம்வரை வந்தார்.

அந்தத் தாய் அவரைக் கடனாளி ஆக்கவில்லை. நாளை கொடுக்கப்போகும் ஒருவராக்கிவிட்டார். குருமடத்தில் நான் பல ஆண்டுகள் படித்ததை அவர் ஒரு பஸ் ரிக்கற்றில் கற்பித்தார்.

சிந்தனைக்கு:

1. நான் கடைசியாகப் பெற்ற உதவி என்னைத் தலைநிமிரச் செய்ததா, குனியச் செய்ததா?

2. யாரும் அறியாமல் இவ்வாரம் நான் கொடுக்கக்கூடிய சிறு தொகை எது?

3. நான் கொடுக்க வேண்டிய நியாயமான கூலியோ கடனோ பாக்கி உண்டா?