பாதம் சொல்லும் சேதி: காய்ப்பும் கால் ஆணியும்

நம்ம ராமநாதபுரம் சீமையில் ஒருத்தர் செய்கிற வேலையை அவர் உடம்பில் இருக்கும் காய்ப்பே சொல்லிவிடும். சாயல்குடிப் பக்கம் பனையேறிகளுக்கு நெஞ்சிலும் காலிலும் காய்ப்பு. முண்டு மிளகாய்க் காட்டில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்கு உள்ளங்கால் முழுக்கத் தோல் பட்டையாக இருக்கும். வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்பவர்களுக்குக் குதிகால் வெடிப்பும் சேர்ந்துகொள்ளும்.

காய்ப்பு என்பது நோயல்ல. ஓரிடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தமோ உராய்வோ பட்டால், அந்த இடத்தைக் காப்பாற்ற உடம்பு தோலைத் தடிப்பாக்குகிறது. கென்யாவில் செருப்புப் போடாமல் நடப்பவர்கள், போட்டு நடப்பவர்கள் என்று 81 பேரின் பாதத்தை ஆராய்ந்து, 2019-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வெளிவந்தது. வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தோல் தடிப்பாக இருந்தது. ஆனால் பாதத்தின் உணர்ச்சி அதனால் குறையவில்லை. ஆகவே வலிக்காத காய்ப்பை அப்படியே விட்டுவிடலாம்.

கால் ஆணி வேறு. அழுத்தம் பரவலாகப் படாமல் ஒரே புள்ளியில், பெரும்பாலும் எலும்பு துருத்திய இடத்தில் விழும்போது, தடித்த தோல் கூம்பு மாதிரி உள்நோக்கி இறங்குகிறது. கால் ஊன்றும்போதெல்லாம் அது உள்ளே குத்தும். இறுக்கமான செருப்பு, தேய்ந்து ஒரு பக்கம் சரிந்த செருப்பு, வளைந்த விரல், ஒரே காலில் பாரம் போட்டு நடப்பது எல்லாம் இதற்குக் காரணம்.

ஒரே ஆழத்தில் வருசக்கணக்கில் உழுதால் நிலத்துக்கடியில் கெட்டித்தட்டு உருவாவது நமக்குத் தெரியும். அதை ஒருதரம் உடைத்துவிட்டு மறுபடியும் அதே மாதிரி உழுதால் தட்டு திரும்ப வரும். கால் ஆணியும் அப்படித்தான். எத்தனை தரம் வெட்டி எடுத்தாலும், அழுத்தம் போகாதவரை ஆணி போகாது.

எது ஆணி, எது இல்லை?

நம்ம ஊரில் இது முக்கியமான கேள்வி. சீமைக் கருவேல முள் குத்தி முனை உள்ளேயே ஒடிந்துபோனால், அதைச் சுற்றித் தோல் தடித்து ஆணி போலவே தெரியும். முள் குத்திய ஞாபகம், வீக்கம், சூடு, சீழ் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவிட்டு, டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள். இன்னொன்று மரு. இது வைரஸால் வருவது. நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கினால் வலிப்பது பெரும்பாலும் மரு. மருவில் கறுப்புப் புள்ளிகளும் தெரியலாம்.

என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிசம் காலை ஊறவையுங்கள். சொரசொரப்பான தேய்கல்லால் மெதுவாக, மேல்தோல் மட்டும் போகும்படி தேயுங்கள். ஒரே நாளில் முழுக்க எடுக்க நினைக்கக் கூடாது. ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவுங்கள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம், அது உலர்ந்தே இருக்கட்டும். கூடவே செருப்பைப் புரட்டிப் பாருங்கள். ஆணி இருக்கிற இடத்துக்கு நேராகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். விரல் நெருக்காத, அடி மெத்தென்று இருக்கிற செருப்பாக வாங்குங்கள்.

என்ன செய்யக் கூடாது?

பிளேடால் சீவுவது, சூடு வைப்பது, எருக்கம்பால், சேராங்கொட்டை தடவுவது எல்லாம் வேண்டாம். இயற்கையில் கிடைப்பது என்பதாலேயே ஒன்று தீங்கில்லாதது ஆகிவிடாது. இந்தப் பாலும் கொட்டையும் நல்ல தோலையும் சேர்த்துப் புண்ணாக்கிவிடும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு

மேலே சொன்ன வீட்டு வைத்தியம் எதுவும் உங்களுக்கு இல்லை. ஊறவைப்பதும் தேய்ப்பதும்கூட வேண்டாம். மருந்துக் கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியில் தோலைக் கரைக்கிற அமிலம் இருக்கிறது, அதுவும் வேண்டாம்.

சர்க்கரையால் நரம்பு கெட்டால் பாதம் மரத்துப்போகும். சுடுமணலும் தெரியாது, முள்ளும் தெரியாது. காய்ப்பு வளர்ந்து, அதுவே கல் மாதிரி உள்ளே அழுத்தி, மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் புண் வைக்கும். காய்ப்புக்கு நடுவில் கருஞ்சிவப்பாக நிறம் மாறினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், வலி இல்லாததுதான் ஆபத்து. இப்படிக் கவனிக்காத புண் முற்றித்தான் பலருக்கு விரலை, காலை எடுக்கும் நிலை வருகிறது.

அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். காய்ப்பைப் பக்குவமாகக் குறைப்பது அவர்கள் வேலை. அழுத்தத்தைக் குறைக்கும் எம்.சி.ஆர். செருப்பு பற்றியும் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை தர வீட்டுக்கு வருகிறவர்களிடம் காலையும் காட்டலாம்.

தினமும் காட்டிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, துடைத்து, உள்ளங்காலை ஒருதரம் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம், பேரன் பேத்தியைப் பார்க்கச் சொல்லலாம். பயிரைத் தினமும் போய்ப் பார்க்கிற நாம், அங்கே நம்மைக் கொண்டுபோகிற காலுக்கு இரண்டு நிமிசம் ஒதுக்கக் கூடாதா?