பழைய புரோகிராம் 6, புதிய லேப்டாப் 7: எது சரி?

சாணார்பட்டியில் மாங்காய் வியாபாரம் செய்யும் என் மாமா, பழைய டாஸ் புரோகிராமில்தான் கணக்கு வைத்திருக்கிறார். பழைய கம்ப்யூட்டர் பழுதாகும் நிலைக்கு வந்ததால், ஏஆர்எம் ப்ராசசர் கொண்ட லேப்டாப் வாங்கி, டாஸ்பாக்ஸ் எமுலேட்டரில் அதே புரோகிராமை இயக்கினார். "மாப்ளே, புது மெஷின் தப்பாக் கணக்குப் போடுது" என்று போன் வந்தது.

காலிப் பெட்டியின் எடை 0.7 கிலோ. 10 பெட்டிக்குக் கழிவு, பழைய ரசீதில் 6 கிலோ. புதியதில் 7 கிலோ. "ஒரு கிலோ ஏன் குறையுது?" என்று விவசாயி கேட்டால் என்ன சொல்வது?

கம்ப்யூட்டருக்கு 0, 1 மட்டுமே தெரியும். 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333... என முடியாமல் நீள்வதுபோல, 0.7 என்பது பைனரியில் முடிவதே இல்லை. 64 பிட்டில் வெட்டிச் சேமிக்கும்போது அது 0.69999999999999995559... ஆகிறது.

இன்டெல் 1980-ல் வெளியிட்ட 8087 சிப்பும் அதன் வழிவந்த ப்ராசசர்களும் இத்தகைய கணக்கை 80 பிட்டில் செய்யும். அதில் 10-ஆல் பெருக்கினால் 6.9999999999999995559... கிடைக்கும். புரோகிராம் தசமப் பகுதியை வெட்டிவிட, 6 கிலோ!

ஏஆர்எம் கம்ப்யூட்டரில் டாஸ்பாக்ஸ் இதே கணக்கை 64 பிட்டில் செய்கிறது. அவ்வளவு நுண்ணிய வித்தியாசத்திற்கு அங்கே இடமில்லை. விடை 7 என்று முழுமையாகிவிடுகிறது. ஆக, இந்தக் கணக்கில் தவறியது பழைய கம்ப்யூட்டர்தான்! வேறு கணக்கில் இது தலைகீழாகவும் நடக்கலாம். உண்மையான குறை, தசமத்தை அப்படியே வெட்டிய புரோகிராமில் உள்ளது.

ஆப்பிள் 2020-ல் தந்த ரொசெட்டா 2, 80 பிட் கணக்கைச் சாப்ட்வேர் மூலம் அப்படியே செய்கிறது. ஆனால் வேகம் குறையும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். எக்ஸெல் செல்லில் =1*(0.5-0.4-0.1) என டைப் செய்து என்டர் தட்டுங்கள். பூஜ்யத்திற்குப் பதில் மிகச் சிறிய மைனஸ் எண் வரும்.

கவனிக்க வேண்டியவை:

1. பணத்தைப் பைசாவிலும், எடையைக் கிராமிலும் முழு எண்ணாக வையுங்கள். 700 x 10 = 7000; எந்தக் கம்ப்யூட்டரிலும் மாறாது.

2. எக்ஸெலில் விடையை ரவுண்ட் பங்ஷன் கொண்டு முழுமையாக்குங்கள்.

3. எமுலேட்டருக்கு மாறும்போது, ஒரு மாதக் கணக்கை இரண்டிலும் போட்டு ஒப்பிடுங்கள். அதுவரை பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்.

மாமா இப்போது எடையைக் கிராமில்தான் எழுதுகிறார்.