மஞ்சள்: எதுவரை மருந்து?



ஒரு பிடி மஞ்சளைப் பிடித்து வைத்து அருகம்புல் சூட்டினால் அதுவே பிள்ளையார். தோட்டத்து வீடுகளில் பூஜைக்கும் மஞ்சள், மீன் குழம்புக்கும் மஞ்சள். நெகிரி செம்பிலானின் பேர்போன மாசாக் லெமாக் சிலி அப்பிக்கும் மஞ்சள்தான் நிறம் தருகிறது. செம்பனை முள் குத்தினாலோ கத்தி பட்டாலோ, "கொஞ்சம் மஞ்சள வச்சுக் கட்டுடா" என்பார் பாட்டி. பாட்டி சொல்வதில் எவ்வளவு உண்மை? பார்ப்போம்.

1. சத்து

மஞ்சள் தூளின் எடையில் சுமார் 3 விழுக்காடு குர்குமின். மஞ்சள் நிறம் அதனால்தான். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். உடம்பில் சேர்வதும் குறைவுதான். 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு, மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு கூடியது. மஞ்சளில் இரும்புச்சத்தும் உண்டு. ஆனால் நாம் குழம்பில் போடுவது ஒரு சிட்டிகைதானே? அதனால் கீரையும் பருப்பும் தட்டில் இருக்கவே வேண்டும்.

2. கிருமி

ஆய்வுக்கூடத்தில், காயத்தைச் சீழ்பிடிக்க வைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளின் வளர்ச்சியை குர்குமின் தடுக்கிறது. ஆனால் சமையலறை டப்பாவில் உள்ள தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. டெட்டனஸ் கிருமியோ மண்ணில் இருப்பது. காற்றுப் புகாத ஆழமான காயத்தில் அது வளரும். மேலே அப்பிய தூள் அங்கே எட்டாது.

3. வழக்கு

1995-இல் காயத்துக்கு மஞ்சள் போடும் முறைக்கு, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு மன்றம் பழைய நூல்களைக் காட்டி எதிர்த்தது. 1997-இல் காப்புரிமை ரத்தானது. நமக்குப் பெருமைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது பழைய அறிவு என்பதே அங்கே நிலைநாட்டப்பட்டது. எல்லாக் காயமும் மஞ்சளால் ஆறும் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது

குழம்பில், ரசத்தில் மஞ்சளும் மிளகும் தாராளமாகச் சேருங்கள். காயம் பட்டால் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முள் ஆழமாக ஏறினாலோ, மண் பட்ட கத்தி வெட்டினாலோ, அன்றே கிளினிக்குக்குப் போய் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். பாட்டியிடம் சண்டை வேண்டாம். "மஞ்சள் நல்லதுதான் பாட்டி, ஊசியும் போட்டுட்டு வந்துடுறேன்" என்றால் போதும்.

கிளைக் கூட்டத்தில் பேசுக: உங்கள் வீட்டில் கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது யார், எப்போது?