கோழியின் சீழ் வழியாது

எங்களுக்கு ஒரு கட்டி வந்தால் அது பழுக்கும், உடையும், சீழ் வழியும், ஆறும். திருகோணமலை மனையாவெளியில் எனது வளவைச் சுற்றி இருப்பவர்கள் கோழிக்கும் இதே வைத்தியத்தைத்தான் செய்வார்கள். சுடுசோற்றை மஞ்சளோடு பிசைந்து வைத்துக் கட்டுவார்கள். பழுக்கட்டும் என்று பார்த்திருப்பார்கள். பிறகு சவர பிளேடால் கீறிப் பிதுக்குவார்கள். கீறினால் ஒன்றும் வராது. வராதபடியால் இன்னும் ஆழமாகக் கீறுவார்கள். நான் பார்த்தவரைக்கும் கட்டியால் செத்த கோழிகளைவிட இந்தக் கீறலால் செத்தவை அதிகம்.

காரணம் கோழியின் இரத்தத்தில் இருக்கிறது. எங்களுடைய சீழை நீர்க்கச் செய்வது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. பறவைகளில் அந்த வேலைக்கு இருப்பது ஹெட்டரோஃபில் என்ற வேறொரு அணு. அதுவும் கிருமியை விழுங்கும். ஆனால் மயலோபெரொக்சிடேஸ் என்ற நொதி அதில் கிடையாது. ஆகவே சீழ் உருகாமல், அவித்த முட்டையின் மஞ்சட்கரு மாதிரி இறுகி ஒரு உறைக்குள் கிடக்கும். ஒத்தடம் கொடுத்தாலும் வழியாது, பிதுக்கினால் பக்கத்துச் சதைக்குள்தான் பிதுங்கும். அந்த இறுகிய கட்டியை உறையோடு முழுதாக எடுக்கவேண்டும். அது மரத்துப்போக ஊசி போட்டு மிருக வைத்தியர் செய்கிற வேலை. வீட்டில் எங்களுக்குள்ள வேலை வேறு: அது சீழ்க்கட்டிதானா என்று முதலில் பார்ப்பது.

பார்ப்பதற்குப் பொழுதுபட்ட பிறகுதான் நல்ல நேரம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, கொட்டிலில் ஏறியதைச் சத்தமில்லாமல் தூக்கலாம். பகலில் வளவெல்லாம் துரத்திப் பிடித்தால், நோயாளிக் கோழி பிடிபடும்போதே பாதி செத்துவிடும். துவாயால் செட்டைகளை மூடிச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை இறுக்காதீர்கள். கோழிக்கு எங்களைப்போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. அன்பு மிகுந்து இறுக்கிப் பிடிக்கிற பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பொடியன் ஓடிவந்தான். “அன்ரி, எங்கட பேட்டுக்குக் கழுத்துக்குக் கீழ பெரிய கட்டி, அம்மா வெட்டப் போறா!” போய்த் தொட்டுப் பார்த்தால் வலப்பக்க மார்பில் நெல்லும் சோறும் நிறைந்த தீனிப்பை. பின்னேரத்தில் அது புடைத்திருக்கும், விடியத் தீன் போடுமுன் தொட்டால் வெறுமையாக இருக்கும். விடிந்தும் கல்லுப்போல இருந்தால் அடைப்பு, தளதளவென்று புளிப்பு மணத்தோடு இருந்தால் தீனி புளித்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியர் வேண்டும். ஆனால் வெறும் தீனிப்பையைக் கட்டி என்று நினைத்து வெட்டப்போன வீடு அது ஒன்று மட்டும் அல்ல.

இன்னொரு கட்டி இருக்கிறது, அமத்தினால் தோலுக்கடியில் மொறுமொறுக்கும். அது காற்று. நாய் கவ்வி உதறியதாலோ எதிலாவது மோதியதாலோ உள்ளேயிருக்கும் காற்றுப்பை கிழிந்து, மூச்சுக்காற்று தோலுக்குள் இறங்கி நிற்கும். சிறிதென்றால் தானாக வற்றும். பெருத்துக்கொண்டே போய்க் கோழி மூச்சுக்குத் தவித்தால் உடனே கொண்டுபோகவேண்டும்.

ஆனால் எங்கள் பக்கத்தில் ‘கட்டி’ என்று காட்ட வருபவற்றில் பெரும்பங்கு அம்மைதான். ஐப்பசி, கார்த்திகையில் மாரி இறங்கி, சிரட்டையிலும் பழைய டயரிலும் தண்ணீர் நின்று நுளம்பு பெருகினால் அடுத்தாற்போல் கோழியம்மை வரும். நுளம்பின் குத்தூசி ஒரு கோழியிலிருந்து மற்றதற்கு வைரஸைக் காவிக்கொண்டு போகும். கொண்டையிலும் தாடியிலும் கண் இமையிலும், இறகில்லாத இடமெல்லாம், வெளிறிய பருக்கள் கிளம்பி, மஞ்சளாகி, கறுத்த பொருக்காகும். முன்வீட்டு ஆச்சி எங்கள் சேவலைப் பார்த்தவுடன் சொன்னார்: “பிள்ளை, கோழிக்கு அம்மாள் வந்திருக்கு. வேப்பிலையைச் செருகிவிடு, தொடாத, வீட்டில மச்சம் காய்ச்சாத.” மச்சத்தைப் பற்றி நான் வாதாடவில்லை. ‘தொடாதே’ என்றது சரியான வைத்தியம். பொருக்கைப் பிய்த்தால் இரத்தம் வரும், புண்ணுக்குள் வேறு கிருமி இறங்கும், பிய்த்த துண்டு நிலத்தில் விழுந்து மாதக்கணக்கில் வைரஸை வைத்திருக்கும். விட்டுவிட்டால் மூன்று நான்கு கிழமையில் தானாக விழும். விழுந்த பொருக்கைக் கூட்டி எரித்துவிடுங்கள். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது, ஆகவே பிள்ளைகளைப் பற்றிய பயம் வேண்டாம்.

அம்மையில் கோழி சாவது பட்டினியால். இரண்டு கண்ணும் பொருக்கால் மூடிக்கொண்டால் தீன் எங்கே என்று தெரியாது. கொதித்தாறிய உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்து இமையில் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள், உரிக்காதீர்கள். பிறகு அலகைத் தீன் கிண்ணத்தில் தொட்டுக் காட்டுங்கள். தவிட்டில் தண்ணீர் தெளித்து வாசம் வரப் பிசைந்து கொடுத்தால் எங்கள் சேவல் கண் தெரியாமலே கொத்தித் தின்றது. வாயைத் திறந்து பார்க்கவும் வேண்டும். நாக்கடியிலோ தொண்டையிலோ மஞ்சள் படலம் தெரிந்து, கோழி கழுத்தை நீட்டி வாயால் மூச்சிழுத்தால் அது ஈர அம்மை. அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை.

ஒரு கிளைக்கதை. 1931இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் அலிஸ் வூட்ரஃப், ஏர்னெஸ்ட் குட்பாஸ்டர் என்ற இருவர் கருமுட்டைக்குள் ஒரு வைரஸை வளர்த்துக் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இதே கோழியம்மையைத்தான். இன்றைக்கும் முட்டையில் வளர்த்துச் செய்யும் இன்ஃப்ளுவென்சா ஊசிக்கு வழி திறந்தது அந்த வேலை. கோழியின் கொண்டையில் பார்த்து முகம் சுளிக்கிற பருவுக்கு அப்படியொரு மரியாதையும் இருக்கிறது.

அம்மைக்குத் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்னமே, ஆவணியிலேயே அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். நம் நாட்டுக் கோழித் தடுப்பூசிகள் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலும் தயாராகின்றன. ஒரு குப்பி பல கோழிக்கானது, கலக்கினால் சில மணிநேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். ஐந்து கோழி வைத்திருப்பவர் தனியாகப் போய் நின்று பயனில்லை, ஒழுங்கை முழுவதும் சேர்ந்து ஒரே நாளில் போடுவதுதான் நடைமுறை. இரட்டை முள்ளுள்ள ஊசியை மருந்தில் தோய்த்துச் செட்டையின் மெல்லிய சவ்வில் குத்துவார்கள். ஏழு முதல் பத்து நாளில் குத்திய இடம் சிறிதாக வீங்கவேண்டும். கோழிக்கு வராவிட்டால் நான் கவலைப்படுகிற ஒரே கட்டி இதுதான்.

கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கறுப்பாகக் குவிந்திருப்பதெல்லாம் அம்மைப் பொருக்கும் அல்ல. வெளிச்சத்தில் உற்றுப்பாருங்கள், சில வேளை அவை தலையைப் புதைத்துக்கொண்டு இரத்தம் குடிக்கும் தெள்ளுகள். வஸ்லின் தடவி மூச்சடைக்கவைத்து முள்ளுவாங்கியால் எடுக்கலாம். வீட்டு நாயிலும் அதே தெள்ளு இருக்கும், நாயை விட்டுவிட்டுக் கோழியை மட்டும் சுத்தம் செய்வதில் பலனில்லை.

இனிக் கால். பாதத்தின் அடியில் வட்டமாக ஒரு கறுத்த தழும்பு, சுற்றிலும் வீக்கம், கோழி நொண்டுகிறது என்றால் உள்ளே நான் சொன்ன இறுகிய சீழ் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டஃபிலொகொக்கஸ் என்ற கிருமியின் வேலை அது. கிருமி உள்ளே போக ஒரு சிறு சிராய்ப்புப் போதும். எங்கள் வளவுகளில் சிராய்ப்புக்கா பஞ்சம்? முருகைக்கல், உடைந்த சிப்பி, மீன்பெட்டிப் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, ஈரம் காயாத சீமெந்துத் தரை. முருங்கையின் உச்சியில் படுத்து விடியச் சீமெந்தில் குதிக்கிற கொழுத்த பேடுகளுக்கு அடிக்கடி வரும். தொடக்கத்திலேயே கண்டால், தோல் சிவந்து தடித்திருக்கும் கட்டத்தில், இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரில் காலை ஊறவைத்து, துடைத்து, பீற்றடீன் தொட்டு, பஞ்சு வைத்துச் சுற்றிக் கட்டி, வைக்கோல் பரப்பிய இடத்தில் விட்டாலே பல ஆறிவிடும். கட்டைத் தினமும் மாற்றவேண்டும். வீக்கம் இறுகித் தழும்பும் விழுந்துவிட்டால் வைத்தியர்தான். எப்படியானாலும் கையுறை போடுங்கள், அந்தக் கிருமி எங்கள் கைப்புண்ணிலும் குடியேறும். ஏறிப் படுக்கிற தடியைத் தாழ்த்தி, கணுவைச் சீவி விடாமல் வைத்தியம் மட்டும் செய்தால் அடுத்த மாதமும் அதே காலோடு அதே கோழி வந்து நிற்கும்.

கால் விரல் மட்டும் திடீரென்று வீங்கிக் கறுத்தால் வேறு ஒன்றைத் தேடவேண்டும்: தங்கூசி என்கிற மெல்லிய நைலோன் வலையிழை. தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கடற்கரைப் பக்கத்து வளவுகளில் அதன் அறுந்த இழைகள் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. கிளறும்போது கோழியின் விரலில் சுற்றி, நடக்க நடக்க இறுகி, தோலுக்குள் மறைந்துவிடும். மேலே வீக்கம்தான் தெரியும். வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் வீக்கத்துக்கு மேல்பக்கம் ஒரு மெல்லிய வரி தெரியும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, நகம் வெட்டும் சிறு கத்தரியின் மொட்டை நுனியை இழைக்கடியில் விட்டு ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள். இழுக்கக் கூடாது, இழுத்தால் இழை சதையை அறுக்கும். ஒரு சுற்று மிச்சம் இருந்தாலும் விரல் போய்விடும், எடுத்த பிறகும் அடுத்த நாள் மறுபடி பாருங்கள்.

காயங்களுக்கு வருவோம். கீரி கழுத்தையும் பிடரியையும் கடிக்கும், நாய் முதுகைக் கவ்வி உதறும், சேவலின் முள் பேட்டின் விலாவைச் செட்டைக்கடியில் கிழிக்கும். கடைசியில் சொன்னது கண்ணுக்கே படாது. ஒரு பேடு ஒதுங்கி நின்றால் செட்டையைத் தூக்கிப் பார்க்கவேண்டும். இரத்தம் வடிந்தால் சுத்தத் துணியால் அமத்திப் பிடித்தபடி இருங்கள். நின்றதும் சுற்றியுள்ள இறகைக் கத்தரியுங்கள், பிடுங்காதீர்கள். கழுவுவதற்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி இல்லாத சிறிஞ்சால் பீய்ச்சினால் மண் வெளியேறும். பீற்றடீனை மெல்லிய பிளேன்ரீ நிறம் வரும்வரை தண்ணீர் விட்டுக் கலக்குங்கள், அதற்குமேல் கடுமையாக இருந்தால் ஆறும் சதையையே சுடும். கடித்த ஓட்டையைத் தைக்கவோ ஒட்டவோ வேண்டாம், உள்ளே இருப்பது உள்ளேயே பழுதாகும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கோழி மூச்சுவிடும்போது காயத்தில் குமிழி வந்தாலோ, தோளுக்குப் பக்கத்தில் செட்டை எலும்பு முறிந்து தெரிந்தாலோ தண்ணீர் பீய்ச்சாதீர்கள். அந்த மேற்செட்டை எலும்பின் உட்குழிக்குள் காற்றுப்பை நுழைந்திருக்கிறது. அதில் விட்ட தண்ணீர் மூச்சு வழிக்குப் போய்ச் சேரும். துணியால் மூடிப் பெட்டியில் வைத்து ஓட்டோவைக் கூப்பிடுங்கள்.

கோப்பித்தூள், மண்ணெண்ணெய், கராஜ் கழிவு ஒயில் ஆகிய மூன்றையும் காயத்துக்குக் கிட்டக் கொண்டுவராதீர்கள். கோப்பித்தூள் பொருக்குப்போல மூடிக் கிருமியை உள்ளே பூட்டும். மற்ற இரண்டும் தோலைச் சுடுவதோடு, கோழி இறகு கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும். ஊதா மருந்து சிவப்பை மறைப்பதால் மற்றக் கோழிகள் கொத்தாது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சாயம் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டலாம் என்று கனடாவின் சுகாதாரத் துறை 2019இல் எச்சரித்தது. முட்டையோ இறைச்சியோ சாப்பிடுகிற வீட்டில் நான் அதை எடுப்பதில்லை. காயக் கோழியைத் தனியாக அடைத்துவிட்டால் கொத்துகிற பிரச்சினையே வராது. அடைக்கிற கூட்டை நுளம்பு வலையால் மூடுங்கள். மீன் வெட்டுகிற இடம் பக்கத்திலிருந்தால் ஈ நிச்சயம் வரும், இந்த வெக்கையில் ஈமுட்டை ஒரு நாளைக்குள் புழுவாகிவிடும்.

இறகின் வேர்கள் வரிசையாகத் தடித்து முடிச்சு முடிச்சாக வந்தால், கோழி மெலிந்து ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாகச் சாய்ந்தால், அது 1907இல் யோசெஃப் மாரெக் என்ற ஹங்கேரி வைத்தியர் விவரித்த நோயாக இருக்கலாம். மருந்து கிடையாது. அந்த இடத்தில் வேதனையை நீட்டாமல் முடிக்கச் சொல்லி வைத்தியரைக் கேட்பதுதான் வளர்த்தவரின் கடமை என்பது என் நினைப்பு.

“ஒரு கோழிக்கு ஓட்டோக் காசு குடுத்து டொக்டரிட்டப் போறியளோ, அக்கா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போவேன். போகும்போது சமையலறைத் தராசில் கோழியை நிறுத்துக் கிராம் கணக்கை எழுதிக்கொண்டு போகிறேன், மருந்தின் அளவு நிறையைப் பார்த்துத்தான் போடுவார்கள். வீட்டில் மிஞ்சிய மனித அன்ரிபயோற்றிக் கப்சியூலைப் பிரித்துத் தீனில் தூவுவது அளவும் தெரியாத, மருந்தும் தெரியாத வேலை. கோழிகளுக்குக் கொடுத்துவந்த என்ரோஃப்ளொக்சசினை, அதற்கு அடங்காத கிருமிகள் மனிதருக்கு வருவதைக் காரணம் காட்டி, அமெரிக்கா 2005இல் கோழி வளர்ப்பிலிருந்தே விலக்கிவிட்டது. வைத்தியர் அன்ரிபயோற்றிக் எழுதினால் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று அங்கேயே கேட்டு மருந்து மட்டையில் எழுதுவியுங்கள். அந்த நாட்களின் முட்டையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கக் கூடாது, நாய்க்கும் போடக் கூடாது. நான் வாழைக்கடியில் ஆழமாகத் தாட்டுவிடுகிறேன்.